திரும்பும் வழியை முதலில் வரைக

நுழையும்முன்

சாலையும் கடையும் மருத்துவமனையும் இல்லாத இடங்களை நாடிச் செல்வோர் பலர். பனிமலைகளுக்கிடையே அமைந்த ஏரிகளும், பாறை முனைகளைக் கடந்து செல்லும் கடற்கரைப் பாதைகளும் அத்தகைய இடங்கள். அங்கு உணவையும் உறைவிடத்தையும் முதுகில் சுமந்தே நடக்க வேண்டும். இதற்குக் கால்வலிமை மட்டும் போதாது. புறப்படும் முன்னரே எண்ணிப் பார்த்துத் திட்டமிடும் அறிவும் வேண்டும். அத்திட்டத்தை அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு பாதைகள்

காஷ்மீரில் சோனாமார்க் என்னும் ஊரின் அருகே தொடங்கி, நாராநாக் என்னும் சிற்றூரில் முடியும் மலைப்பாதை ஒன்று உள்ளது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை நடப்போர் ஆறு அல்லது ஏழு நாள்களில் கடப்பர். விஷன்சர், கிரிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல், நுந்த்கோல் ஆகிய ஏரிகள் இவ்வழியில் அமைந்துள்ளன. காஷ்மீரி மொழியில் 'சர்' என்பது ஏரியைக் குறிக்கும்; 'சத்சர்' என்றால் ஏழு ஏரிகள் என்று பொருள். உத்தராகண்டில் ஏரியைத் 'தால்' என்பர். லடாக்கில் 'சோ' என்பர். தமிழில் ஏரி, குளம், சுனை, பொய்கை, மடு என நீர்நிலையின் தன்மைக்கேற்ப வெவ்வேறு பெயர்கள் வழங்குவது போன்றே, மலைவாழ் மக்களும் தம் நீர்நிலைகளுக்குத் தத்தம் மொழியில் பெயரிட்டுள்ளனர்.

மற்றொரு பாதை கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் உள்ளது. தேவாரப் பாடல் பெற்ற தலமாகிய கோகர்ணத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இக்கடற்கரைப் பாதை, குட்லே, ஓம், அரைநிலவு, பாரடைஸ் எனப்படும் நான்கு கடற்கரைகளை இணைக்கிறது. ஒவ்வொரு கடற்கரைக்கும் அடுத்த கடற்கரைக்கும் இடையே கடலுக்குள் நீண்ட பாறைமுனை ஒன்று உண்டு. அரைநிலவுக் கடற்கரைக்கும் பாரடைஸ் கடற்கரைக்கும் ஊர்தி செல்லும் சாலை இல்லை; நடந்தோ படகிலோதான் செல்ல இயலும்.

முதற்பாதையில் உயரமும் குளிரும் இடர் தரும். இரண்டாவதில் அலையும் வெயிலும் இடர் தரும். எனினும், இரண்டுக்கும் திட்டமிடும் முறை ஏறக்குறைய ஒன்றே. எங்குச் செல்வது என்பதைத் தீர்மானிப்பது அதன் பாதி. எப்போது, எவ்விடத்தில், எந்நிலையில் திரும்புவது என்பதைத் தீர்மானிப்பது மறுபாதி. இரண்டாம் பாதியை மறந்தவர்களே பெரும்பாலும் இடர்ப்படுகின்றனர்.

பருவம் அறிதல்

திட்டத்தின் முதற்படி பருவத்தை அறிதல். காஷ்மீர் ஏரிகளுக்குச் செல்ல உகந்த காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆகும். பள்ளிகளின் கோடை விடுமுறைக் காலமான மே, ஜூன் மாதங்களில் அங்குள்ள கணவாய்களில் பனி இன்னும் உருகாமல் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை இந்தியாவின் பிற பகுதிகளில் கொட்டும் காலத்தில், பீர் பாஞ்சால் மலைத்தொடர் தடுப்பதால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிற்குள் மழை குறைவாகவே பெய்கிறது. ஆகவே, ஜூலை மாதத்திலும் அங்கு நடக்க முடிகிறது.

கோகர்ணத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும்; பாறைகள் பாசி படர்ந்து வழுக்கும். மழை ஓய்ந்து, வெயில் கடுமையாகாத நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே அப்பாதைக்கு ஏற்றது. ஓரிடத்திற்கு நன்மை தரும் மாதம் மற்றோரிடத்திற்குத் தீமை தரும் மாதமாக இருத்தல் கூடும். விடுமுறை கிடைக்கிறது என்பதற்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதை விட, கிடைக்கும் விடுமுறைக்குப் பொருந்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

பருவம் பொருந்தினாலும் அன்றாட வானிலை மாறக்கூடியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. கடல் அலைகளைப் பற்றிய முன்னறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வழங்குகிறது. புறப்படும் நாளன்று மட்டுமன்றி, தொடர்பு கிடைக்கும் ஒவ்வோரிடத்திலும் இவ்வறிவிப்புகளைப் பார்த்தல் வேண்டும்.

வரைபடம் படித்தல்

1767ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் தேராதூனில் உள்ளது. இத்துறை வெளியிடும் நிலத்தோற்ற வரைபடங்களில் 1:50,000 என்னும் அளவு பரவலாகப் பயன்படுகிறது. அதில் 2 சென்டிமீட்டர் நீளம், தரையில் 1 கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும்.

இவ்வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து செல்லும் கோடுகள் சமஉயரக் கோடுகள் எனப்படும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை ஒரு கோடு இணைக்கிறது. கோடுகள் நெருங்கியிருந்தால் அவ்விடம் செங்குத்தானது. விலகியிருந்தால் சரிவு மென்மையானது. இக்கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர், எவ்விடத்தில் மூச்சிரைக்கும், எவ்விடத்தில் கூடாரம் அமைக்கச் சமநிலம் கிடைக்கும் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு உணர முடியும்.

கைப்பேசியிலும் வரைபடம் உண்டு. ஆனால், மலையில் அலைத்தொடர்பு இராது. குளிரில் மின்கலம் விரைவில் தீரும். ஆதலால், இணையம் இன்றி இயங்குமாறு வரைபடத்தை முன்னரே பதிவிறக்கிக்கொள்வதோடு, தாளில் அச்சிட்ட படி ஒன்றையும் நீர்புகாப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். திசைகாட்டியும் உடனிருத்தல் நன்று.

தொலைவைக் காலமாக மாற்றுதல்

நகரத்தில் வாழ்வோர் தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பர். மலையில் நடப்போர் அதனை மணிக்கணக்கால் அளப்பர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு இதற்கென எளிய விதி ஒன்றை வகுத்தார். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம் எனக் கணக்கிட்டு, ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவ்விதியின் சாரம்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் 15 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற வேண்டும் எனக் கொள்வோம். தொலைவுக்கு 3 மணி, ஏற்றத்திற்கு 1 மணி; ஆக 4 மணி நேரம். ஆனால், இவ்விதி நல்ல உடல்வலிமை உடையோருக்கு, உயரம் குறைந்த மலைகளில் பொருந்துவது. இமயத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; முதுகில் சுமையும் உண்டு; உணவுக்கும் ஓய்வுக்கும் நேரம் வேண்டும். எனவே, விடையை இரண்டால் பெருக்கி, 8 மணி நேரம் எனக் கொள்வதே பாதுகாப்பானது.

இக்கணக்கு ஏன் தேவை? காலை 6 மணிக்குப் புறப்படுவோர் பிற்பகல் 2 மணிக்குக் கூடாரத்தை அடைவர். சோம்பலால் 9 மணிக்குப் புறப்பட்டால் மாலை 5 மணி ஆகிவிடும். உயர்ந்த மலைகளில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மேகம் திரண்டு மழையோ பனியோ பொழியும். ஆகவே, கணவாயை நண்பகலுக்குள் கடக்க இயலாவிடில் திரும்பிவிட வேண்டும் என்று முதல்நாள் இரவே குழுவினர் கூடி முடிவுசெய்தல் வழக்கம். இதனைத் 'திரும்பும் நேரம்' என்பர். களைத்த கால்களும் அருகில் தெரியும் சிகரமும் அறிவைத் தடுமாறச் செய்யும். அமைதியான நேரத்தில் எடுத்த முடிவே அப்போது துணை நிற்கும்.

உயரம் என்னும் இடர்

சோனாமார்க் ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. விஷன்சர் ஏரி ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திலும், அதற்கு அடுத்துவரும் கட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். எனவே, சோனாமார்க்கில் இதமான குளிர் இருக்கும் அதே வேளையில், கணவாயில் ஏறத்தாழ 10 பாகை குறைந்திருக்கும்.

குளிரை விடக் கொடியது உயரநோய். ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் செல்லும் எவரையும் அது தாக்கலாம். இளையோர், வலிமை மிக்கோர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். நடை தள்ளாடுவதும், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவதும் உயிருக்கு இடர் நேர்ந்துள்ளதைக் காட்டும் அறிகுறிகள். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

இந்நோயைத் தவிர்க்கும் வழி மெல்ல ஏறுதல். 3,000 மீட்டருக்கு மேல், ஒரு நாள் இரவு உறங்கும் இடத்திற்கும் மறுநாள் இரவு உறங்கும் இடத்திற்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு இராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும். சமவெளியிலிருந்து வருவோர் சோனாமார்க்கிலேயே ஓரிரு நாள்கள் தங்கி உடலைப் பழக்கிய பின் ஏறுதல் நன்று. அறிகுறி தோன்றினால் மேலும் ஏறலாகாது. குறையாவிடில் உடனே கீழிறங்க வேண்டும். அறிகுறியை மறைப்பது வீரமன்று. அது குழு முழுவதையும் இடரில் ஆழ்த்தும்.

இவ்வாறான எச்சரிக்கைகள் வெறும் அச்சத்தால் எழுந்தவை அல்ல. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், உத்தராகண்டில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள சகஸ்திர தால் ஏரிக்கு 22 பேர் கொண்ட குழு ஒன்று சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் கருநாடகத்தைச் சேர்ந்தவர்கள். மலைநடையில் பழகியோரும் அவர்களிடையே இருந்தனர். வழியில் திடீரெனப் பனிப்புயல் சூழ்ந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். எஞ்சிய பதின்மூவரை மீட்புக் குழுவினரும் இந்திய விமானப்படையினரும் மீட்டனர். கோடை மாதமாயினும், பழகிய கால்களாயினும், உயர்ந்த மலையில் வானிலை சில மணி நேரத்தில் மாறிவிடும் என்பதை அந்நிகழ்வு நாட்டுக்கு உணர்த்தியது.

குளிர், காற்று, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உடல்வெப்பம் விரைந்து குறையும். கைகால் நடுங்குதல், பேச்சுக் குழறுதல், சிந்தனை மங்குதல் என அது முற்றும். நனைந்த ஆடையை மாற்றிவிட்டு, உலர்ந்த கம்பளி ஆடை அணிவித்து, காற்றுப்படாத இடத்தில் அமர்த்தி, நினைவு தெளிவாக இருப்பின் இளஞ்சூடான இனிப்புப் பானம் அருந்தச் செய்வது முதலுதவி ஆகும். பையில் உள்ள ஒரு தொகுதி ஆடை எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும் என்னும் விதி இதனால் பிறந்தது.

கடலின் கால அட்டவணை

கடற்கரைப் பாதையில் மலையின் கணவாய்க்கு நிகரானது பாறைமுனை. சில இடங்களில் பாதை முனையின் மேலேறிச் செல்லும். சில இடங்களில் நீரோரப் பாறைகளின் வழியே செல்வது எளிதாகத் தோன்றும். கடல் இறங்கியிருக்கும் வேளையில் அகன்று தெரியும் அவ்வழி, கடல் ஏறும் வேளையில் மறைந்துவிடும். அலைக்கும் பாறைச் சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்வோர் இவ்வாறே சிக்குகின்றனர்.

நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் கடல்நீரை உயரவும் தாழவும் செய்கின்றன. இதனை ஓதம் என்பது தமிழ் வழக்கு. இந்தியக் கடற்கரைகளில் பெரும்பாலும் ஒரு நாளில் கடல் இருமுறை ஏறி, இருமுறை இறங்கும். நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாழ்த்து வருவதால், ஓதமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 8 மணிக்குக் கடல் இறங்கியிருந்தால், நாளை ஏறத்தாழ 8.50 மணிக்கு இறங்கியிருக்கும். அமாவாசையையும் முழுநிலவையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் மிகுதி, இறக்கமும் மிகுதி. பழந்தமிழில் இவ்விரு நாள்களுக்கும் 'உவா' என்னும் ஒரே பெயர் வழங்கியது.

பயணத் திட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஓதநேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீரோர வழியைக் கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும். ஏறத் தொடங்கிய பின் அவ்வழியில் இறங்கலாகாது. ஐயம் இருப்பின் மேற்பாதையே நல்வழி. உள்ளூர் மீனவர் ஒருவர் 'இன்று வேண்டா' என்று சொன்னால், அச்சொல்லே அன்றைய முடிவாகட்டும்.

அழகிய, ஆளற்ற கடற்கரையில் நீந்தும் ஆவல் எழும். அங்கு உயிர்காப்பாளர் இரார். கரைக்கு வந்த நீர் ஒடுங்கிய வழியாகக் கடலுக்குள் விரைந்து திரும்பும் இடங்கள் உண்டு. அலைகள் உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பல வேளைகளில் அவ்விழுவை நீரோட்டத்தின் வழியாக இருக்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரையை நோக்கித் திரும்ப வேண்டும்.

சுமையின் அளவு

பெரியவர் ஒருவர் சுமக்கும் பையின் எடை, அவரது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருத்தல் நன்று. சிறுவர்க்குப் பத்தில் ஒரு பங்கு போதும். 40 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 4 கிலோகிராம் அளவே சுமக்க வேண்டும்.

சுமையில் நீரே எடை மிகுந்தது. 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோகிராம். மலைப்பாதையில் ஓடைகள் உண்டு; ஆதலால், ஓரிரு லிட்டர் எடுத்துச் சென்று வழியில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால், தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று. மேலே ஆட்டு மந்தைகள் மேயக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். உயரம் மிக மிக நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். எனவே, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் வேண்டும். கடற்கரைப் பாதையிலோ சுற்றிலும் நீர் இருந்தும் பருக ஒரு துளி கிடைக்காது. வெயிலில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் தேவைப்படலாம். அடுத்த நன்னீர் எங்குக் கிடைக்கும் என்பதை அறியாமல் புறப்படலாகாது.

உலர்ந்த மாற்றாடை, மழைக்கோட்டு, தலைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பெட்டி, வரைபடம், ஒரு நாளுக்குரிய மிகுதி உணவு ஆகிய ஏழும் எப்பயணத்திலும் விடுபடக் கூடாதவை.

தெரிந்து தெளிவோம்

மலையில் உதவி கோர வழங்கும் குறி ஒன்று உண்டு. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதல் ஒலிக்க வேண்டும். பின்னர் ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஒலிக்க வேண்டும். இரவில் விளக்கொளியாலும் இவ்வாறு செய்யலாம். கேட்டவர் நிமிடத்திற்கு மூன்று முறை ஒலித்து மறுமொழி தருவார். அலைத்தொடர்பு கிடைக்கும் இடமெனில், 112 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம்.

இசைவும் வீட்டுத் தாளும்

காஷ்மீர் ஏரிப்பாதையில் படைவீரர்களின் சோதனைச் சாவடிகள் உள்ளன. அடையாள அட்டை இன்றிச் செல்ல இயலாது. பிற மாநிலங்களில் பெற்ற முன்கட்டண சிம் அட்டைகள் அங்கு இயங்குவதில்லை. பின்கட்டண இணைப்பு தேவை. செயற்கைக்கோள் தொலைப்பேசியை அரசின் இசைவின்றி இந்தியாவில் பயன்படுத்துதல் குற்றமாகும். வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்புடன் அனுப்பினாலும் அதனை எடுத்துச் செல்லலாகாது. வனத்துறையின் இசைவு, கூடாரம் அமைக்கத் தகுந்த இடம், நெருப்பு மூட்டத் தடை முதலியவற்றை அந்தந்த மாவட்டத்தில் கேட்டறிதல் கடமை. சிறுவர் தனியே செல்லலாகாது. பெரியவரும், பாதை அறிந்த உள்ளூர் வழிகாட்டியும் உடன்வர வேண்டும்.

திட்டத்தின் இறுதிப்பகுதி வீட்டில் விட்டுச்செல்லும் ஒரு தாள். அதில் பின்வருவன இடம்பெறும்:

1. செல்வோரின் பெயர், வயது, குருதி வகை.
2. ஒவ்வோர் இரவும் தங்கும் இடம்.
3. வழிகாட்டியின் பெயரும் தொலைப்பேசி எண்ணும்.
4. திரும்பும் நாளும், அதற்கு மேல் ஒரு மிகுதி நாளும்.
5. எந்நாள், எந்நேரம் வரை செய்தி வாராவிடில் யாரை அழைக்க வேண்டும் என்னும் குறிப்பு.

ஐந்தாம் குறிப்பே இத்தாளின் உயிர்நிலை. அது இல்லையெனில், வீட்டில் இருப்போர் அழைப்பதா, இன்னும் ஒரு நாள் பொறுப்பதா என்று தயங்கி நேரத்தை இழப்பர். மீட்புக் குழுவினருக்கோ எங்குத் தேடுவது என்பது தெரியாது. ஒரு தாள் தேடும் பரப்பை ஒரு மலைத்தொடரிலிருந்து ஒரு பள்ளத்தாக்காகக் குறைத்துவிடும்.

தடம் விடாமை

விஷன்சர் ஏரியின் நீர் கிஷன்கங்கை ஆற்றுக்குச் செல்கிறது. ஹர்முக் மலையின் அடிவாரத்தில் உள்ள கங்காபல் ஏரியிலிருந்து வழியும் நீர், நுந்த்கோல் ஏரியை அடைந்து, வங்கத் ஓடையாக இறங்கி, சிந்து என்றே பெயர் வழங்கும் காஷ்மீரத்துச் சிற்றாற்றில் கலக்கிறது. கங்காபல், காஷ்மீர்ப் பண்டிதர்கள் புனிதமாகப் போற்றும் ஏரி. குஜ்ஜர், பக்கர்வால் மக்கள் கோடைதோறும் தம் ஆடுகளுடன் அப்புல்வெளிகளில் தங்குகின்றனர். வருவோருக்கு அது மூன்று நாள் காட்சி. அங்கு வாழ்வோருக்கு அதுவே குடிநீர்.

எனவே, ஏரியில் சோப்பு இட்டுக் குளித்தலும் பாத்திரம் கழுவுதலும் தகா. நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாத தொலைவில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மலங்கழித்து, மண்ணால் மூட வேண்டும். எடுத்துச் சென்ற நெகிழிப்பை ஒவ்வொன்றும் எடுத்துச் சென்றவருடனேயே திரும்ப வேண்டும். கடற்கரைக்கும் இதுவே விதி. அங்கு விட்டெறிந்ததை ஓதம் எடுத்துச் சென்று மீனவர் வலையில் சேர்க்கும்.

நிறைவாக

கணவாய்க்கு அரை மணித் தொலைவில் மேகத்தைக் கண்டு திரும்பியவர் தோற்றவர் அல்லர். ஏரி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அவரும் இருந்தால்தான் அதனைக் காண முடியும். நல்ல திட்டம் எதுவெனில், 'செல்லலாம்' என்று சொல்வதற்கு எத்துணைக் காரணம் தருகிறதோ, அத்துணைக் காரணத்தைத் 'திரும்பலாம்' என்று சொல்வதற்கும் தருவதாகும். துணிவுடன் புறப்படவும் நாணமின்றித் திரும்பவும் அறிந்தவரே நல்ல பயணி.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீரின் ஏற்றமும் இறக்கமும்
உவா – அமாவாசை அல்லது முழுநிலவு நாள்
கணவாய் – மலைகளுக்கிடையே அமைந்த கடக்கும் வழி
இசைவு – அனுமதி
ஊதல் – விசில்
நெகிழி – பிளாஸ்டிக்

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் நகரத்திற்கு அருகில் உள்ள ஏரி, காடு அல்லது கடற்கரை ஒன்றிற்கு ஒரு நாள் நடைப்பயணம் செல்வதாகக் கொண்டு, வீட்டுத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதிப் பெற்றோரிடம் படித்துக் காட்டுக.
2. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் ஏரி, ஆறு, மலை, கடல் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, தமிழ்ச் சொற்களுடன் அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'சத்சர்' என்பதன் பொருள் ______.
(க) பெரிய ஏரி (ங) ஏழு ஏரிகள் (ச) பனி ஏரி (ஞ) புனித ஏரி

2. வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அவ்விடம் ______.
(க) சமவெளி (ங) நீர்நிலை (ச) செங்குத்துச் சரிவு (ஞ) மென்சரிவு

ஆ. பிரித்து எழுதுக.

1. அவ்விடம் 2. பெருங்கடல் 3. நன்னீர் 4. சிற்றாறு

இ. குறுவினா

1. உயரநோயின் தொடக்க அறிகுறிகள் யாவை?
2. மலையில் உதவி கோரும் ஊதல் குறியை விளக்குக.
3. ஜூலை மாதம் காஷ்மீர் ஏரிகளுக்கு ஏற்றதாகவும் கோகர்ணத்திற்கு ஏலாததாகவும் இருப்பது ஏன்?

ஈ. கணக்கிட்டு எழுதுக.

1. ஒரு குழு 10 கிலோமீட்டர் நடந்து 300 மீட்டர் ஏற வேண்டும். நெய்ஸ்மித் விதிப்படி ஆகும் நேரம் எவ்வளவு? இமயத்தில் எவ்வளவு எனக் கொள்வது பாதுகாப்பானது?
2. திங்கட்கிழமை காலை 7 மணிக்குக் கடல் இறங்கியிருந்தது. வியாழக்கிழமை காலை ஏறத்தாழ எத்தனை மணிக்கு இறங்கியிருக்கும்?

உ. சிந்தனை வினா

குழுவில் ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் உள்ளன. கணவாய் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது. மற்றவர்கள் முன்செல்ல விரும்புகின்றனர். குழுத்தலைவர் என்ன முடிவெடுக்க வேண்டும்? அதனை மற்றவர்களுக்கு எவ்வாறு எடுத்துரைப்பார்? ஒரு பக்க அளவில் எழுதுக.